நடுத்தையல்

எலோர்சா, வடக்கு ஸ்பெயின்
1986 ஜனவரி 12

அன்புள்ள ஒத்திலியா அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் அப்பாவும் நலமா? அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மீன்கடைக்கு மேலே ஒரு வீடு. பத்துப் பேர் இருக்கிறோம். கொலம்பியாக்காரன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாரும் உள்ளூர்ப் பையன்கள், ஓங்குதாங்காக இருக்கிறார்கள். இந்தப் பத்தில் ஆறு பேர்தான் ஜூலையில் பிரான்ஸ் சைக்கிள் போட்டிக்குப் போவார்கள் என்று எங்கள் அணித் தலைவர் தோன் ஃபெர்மின் முதல் நாளே சொல்லிவிட்டார். மீதி நான்கு பேரை என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை.

இங்கே மழை வந்தது என்று யாரும் சொல்வதில்லை. மழை எப்போதும் இருக்கிறது. அதிலேயே காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிறோம். என் பக்கத்துக் கட்டில்காரன் இன்யாக்கி நல்ல பையன். ராத்திரி தூக்கத்திலும் பெடல் மிதிக்கிறான், கட்டில் ஆடுகிறது.

சிக்கின்கிரா மாதாவுக்கு நீங்கள் வைத்த வேண்டுதலை மறக்கவில்லை அக்கா. பிரான்ஸ் பட்டியலில் பெயர் வரும்வரை, பயிற்சியானாலும் போட்டியானாலும், நீங்கள் தைத்துக் கொடுத்த கால்சட்டைதான். அணியில் கொடுத்த இரண்டும் பெட்டிக்குள் கிடக்கின்றன. உங்கள் கால்சட்டையை தினமும் துவைத்து அடுப்படியில் காயப்போடுகிறேன். காலையில் உட்காருமிடத்தில் உள்ளே வைத்துத் தைத்த ஆட்டுத்தோல் பலகையாக விறைத்துக் கிடக்கும், களிம்பு தடவிக் கசக்கி மெதுவாக்கி மாட்டிக்கொள்கிறேன். பையன்கள் என்னைப் பார்த்து 'மே' என்று கத்துகிறார்கள். எங்களுக்கு உடம்பு பிடித்துவிடும் அன்செல்மோ மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தோலின் நடுவில் ஓடும் தையலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டு என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பாசமுள்ள தம்பி,
எலியேசர்

சியாச்சோக்கே, போயாக்கா, கொலம்பியா
1986 பிப்ரவரி 2

அன்புத் தம்பி எலியேசருக்கு,

நாங்கள் நலம். நீ நலமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மீன்கடைக்கு மேலே இருந்தால் மீனாகவே போடுவார்கள். உனக்கு முள் எடுக்கத் தெரியாதே என்றுதான் எனக்குக் கவலை.

உன் கடிதத்தை அப்பா கடைத்தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் கையில் பிடித்துக்கொண்டு 'பத்துப் பேர்ல என் பையன்தான் முதல்' என்று படித்தாராம். இருமல் இருக்கிறது. உருளைக்கிழங்குக்கு மருந்தடிக்கும் காலம், காலையிலேயே தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு போய்விடுகிறார். சொன்னால் கேட்கிற ஆளா?

பையன்கள் 'மே' என்று கத்தட்டும். அது யாருடைய தோல் என்று அவர்களுக்குத் தெரியுமா? நம் கருமூக்கியின் தோல். நீ புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள், உன்னை விழவிடமாட்டாள். ஒரே துண்டாக வெட்டத் தோல் போதவில்லை. பக்கத்து வீட்டு ரெபேக்கா பெரிய தோல் ஒன்று தருகிறேன் என்றாள். வேண்டாம், நம் ஆட்டுத்தோல்தான் வேண்டும் என்று இரண்டு துண்டாக வெட்டி நடுவில் இணைத்தேன். சாக்கு தைக்கும் ஊசி, மெழுகு தேய்த்த இரட்டை நூல். நான் தைத்த மூட்டையை லாரியில் இருந்து உருட்டிவிட்டாலும் வாய் பிரியாது, உனக்கே தெரியும். உன் அன்செல்மோ கிள்ளிப் பார்த்தால் பார்க்கட்டும், அப்படி ஒரு தையலை அவர் பார்த்திருக்கமாட்டார்.

வேண்டுதல் உனக்கு மட்டும் இல்லை என்பதை மறந்துவிடாதே. அப்பாவின் நெஞ்சுக்கும் சேர்த்துத்தான் மாதாவிடம் சொன்னேன். பட்டியலில் உன் பெயர் வந்த அன்றைக்கு அந்தக் கால்சட்டையை அவள் காலடியில் காணிக்கையாக மாட்டிவிடுவோம். ஊரே பார்க்கப் பாதிரியார் மந்திரித்துக் கொடுத்தது அது.

மார்பில் சளி கட்டாமல் பார்த்துக்கொள். வெல்லத் தண்ணீர் கிடைக்காவிட்டால் சீனித் தண்ணீராவது சூடாகக் குடி.

அக்கா,
ஒத்திலியா

எலோர்சா
1986 பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் அப்பாவும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பயிற்சி கடுமையாகிவிட்டது. காலையில் மலை, மதியத்துக்கு மேல் கடலோரச் சாலை. மலையைப் பற்றி எனக்குப் பயமில்லை, நம் ஊர்ப் பால்காரனே இதைவிடப் பெரிய மேட்டில் ஏறுகிறான். கடலோரம்தான் முடிவே இல்லாமல் போகிறது. சமதளத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்தபடி மிதிக்க வேண்டும்.

உங்களைச் சிரிக்கவைக்க ஒரு கதை. இன்யாக்கிக்கு உட்காருமிடத்தில் புண். முதலில் தோல் உரசிச் சிவந்தது, பிறகு சிறு கொப்புளம், இப்போது தோலுக்கு அடியில் கொட்டைப்பாக்கு மாதிரி ஒரு கட்டி. இங்கே பழைய ஆட்களின் வைத்தியம் என்ன தெரியுமா? கன்றுக்குட்டி இறைச்சியை மெல்லிய துண்டாக அறுத்து, பச்சையாகவே கால்சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டுவது. அவனும் வைத்துக்கொண்டான். வழியெல்லாம் நாய்கள் துரத்தின. சாயங்காலம் அதை எடுத்துப் போட்டபோது வீட்டுக்கார அம்மா குப்பையில் இருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, நல்ல இறைச்சியைப் பாழாக்கிவிட்டீர்களே என்று ஒரு மணி நேரம் திட்டினாள்.

எல்லாருக்கும் வருவதுதான் என்கிறார்கள். சாராயத்தால் துடைக்கும்போது மட்டும் கொஞ்சம் எரியுமாம்.

இன்னொன்று. பாதிரியாரை எப்போதாவது பார்த்தால் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். வேண்டுதல் என்றால் எல்லா நாளும்தானா, இல்லை போட்டி நாளில் மட்டும் இருந்தால் போதுமா? சும்மாதான் கேட்கிறேன். மழையில் தோல் சீக்கிரம் காய்வதில்லை, அதனால்.

கடிதம் கோணல்மாணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜன்னல் விளிம்பில் வைத்து எழுதுகிறேன், வெளிச்சம் இங்கேதான் இருக்கிறது.

உங்கள் தம்பி,
எலியேசர்

சியாச்சோக்கே
1986 மார்ச் 16

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம், அங்கே உன் நலத்துக்குக் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

இன்யாக்கியின் பின்புறக் கதையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அவர் கழுதைகளோடு காலம் தள்ளியவர் அல்லவா, உடனே வைத்தியம் சொன்னார். 'முதுகு புண்ணான கழுதைக்கு ஒண்ணு சேணத்த மாத்தணும், இல்லேன்னா கழுதைய மாத்தணும். தடவுறதெல்லாம் சந்தைக்கு வர்றவன ஏமாத்தத்தான்.' இதை இன்யாக்கியிடம் சொல். பணக்கார ஊர்ப் பையன், மெத்தையிலேயே உட்கார்ந்து வளர்ந்திருப்பான். நம் வீட்டு மரப்பலகையில் வளர்ந்த உனக்கு அந்தக் கவலை இல்லை.

பாதிரியாரிடம் கேட்டேன். 'வேண்டுதல் என்ன துணியாம்மா, வேணுங்கிற அளவுக்கு வெட்டிக்க?' என்றார். பூசைக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு முகமே இல்லாமல் போய்விட்டது. இனிமேல் இப்படிக் கேள்விகளை அனுப்பாதே. தோல் ஈரமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நானும் ஈரச் சாக்கில் உட்கார்ந்துதான் நாளெல்லாம் தைக்கிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது?

கோபமாக எழுதியதாக நினைக்காதே. அம்மா போனபோது நீ இடுப்புயரம்கூட இல்லை. உன்னைத் தூக்கி வளர்த்ததெல்லாம் இப்படி ஒரு நாளுக்காகத்தான்.

பல் விளக்கு, தலை துவட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒத்திலியா

எலோர்சா
1986 ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இந்த முறை நிஜமாகவே நலம்.

இன்யாக்கியும் தேறிவிட்டான். அப்பாவின் கழுதை வைத்தியம்தான் பலித்தது. அன்செல்மோ கட்டியைக் கீறிச் சீழ் எடுத்துவிட்டு, அவன் போட்டிருந்த கால்சட்டையைக் கழற்றச் சொல்லி, தையல் இல்லாத ஒரே தோலாக இருக்கும் வேறு ஒன்றை மாட்டிவிட்டார். இரண்டு வாரத்தில் காய்ந்துவிட்டது. இப்போது குப்புறப் படுக்காமல் தூங்குகிறான். நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லாரோடும் மேசையில் உட்கார்ந்தான். பீன்ஸ் சூப்பை இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தான். உட்கார்ந்து சாப்பிடுவது இவ்வளவு பெரிய சந்தோஷம் என்று அவனுக்கே தெரியாதாம்.

தோன் ஃபெர்மின் இந்த வாரம் என் தோளில் தட்டினார். அவர் யார் தோளிலும் தட்டுவதில்லை. மே மாதம் வடக்கு மலைகளில் ஒரு வாரப் போட்டி இருக்கிறது, அதை ஒழுங்காக முடித்தால் பிரான்ஸ் பட்டியலில் எனக்கு இடம் என்று சொல்லியிருக்கிறார்.

சந்தோஷமாக இருக்கிறேன் அக்கா. மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவை முத்தமிட்டதாகச் சொல்லுங்கள்.

எலியேசர்

சியாச்சோக்கே
1986 ஏப்ரல் 9

தம்பி எலியேசருக்கு,

உன்னிடம் இருந்து கடிதம் வந்து நாளாகிறது. நீ நலமாக இருப்பாய்.

இங்கே நலமில்லை. அப்பா வரப்பிலேயே விழுந்துவிட்டார். இருமி இருமி முகம் நீலமாகிவிட்டது, மூச்சு உள்ளே போகவில்லை. ரெபேக்கா வீட்டு லாரியில் மூட்டைகளுக்கு நடுவில் படுக்கவைத்துத் துங்கா நகரத்துக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இரும்பு உருளையில் இருந்து மூக்குக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா முன்னால் முழங்காலிட்டேன். ஒரு வார்த்தைகூட ஜெபம் வரவில்லை. உன் கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. போட்டி நாளில் மட்டும் இருந்தால் போதுமா என்று கேட்டாயே, அது.

ஆகவே கேட்கிறேன், அம்மா ஆணையாகப் பதில் எழுது. அந்தக் கால்சட்டையை விடாமல் போடுகிறாயா? கழற்றிவிட்டாயா? நான் அப்பாவின் நெஞ்சையும் அதில்தான் கட்டிவைத்திருக்கிறேன்.

ஒத்திலியா

எலோர்சா
1986 ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது? தந்தி அடியுங்கள்.

போடுகிறேன் அக்கா. உங்கள் கடிதம் வந்த நேரத்தில் இருந்து அதைத் தவிர வேறு எதையும் போடவில்லை. போட்டியிலும் அதுதான். அப்பா எழுந்துவிடுவார், நீங்கள் அழவேண்டாம்.

மலைப்போட்டிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. நம் ஊர் வானொலிக்காரர்கள் வருகிறார்களாம், கேளுங்கள்.

எழுத்து சரிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலியேசர்

சியாச்சோக்கே
1986 மே 20
விரைவுத் தபால்

என் கண்ணே எலியேசர்,

நலமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம் முழுவதும். அதற்கு முன்னால் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். தந்தி கிடைத்திருக்கும். வாயில் துணிகூடக் கட்டாமல் இத்தனை வருஷம் மருந்தடித்ததுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். தெளிப்பானைத் தொடக்கூடாது என்றுவிட்டார். தொடவில்லை. இருமல் நின்றுவிட்டது. அவ்வளவுதான் தம்பி. மாதாவும் இல்லை, கால்சட்டையும் இல்லை, அந்த மஞ்சள் தெளிப்பான்தான்.

போட்டி நடந்த வாரம் முழுக்க ரெபேக்கா கடையில் வானொலியைச் சுற்றி ஊரே நின்றது. நான்காம் நாள் பெரிய மலையில் உன் பெயர் வந்தது. வானொலிக்காரர் சொன்னதை நான் எழுத்துப் பிசகாமல் எழுதுகிறேன். 'இந்தப் போயாக்காக்காரப் பையனுக்கு சீட்டே தேவையில்லை போலிருக்குங்க. அடிவாரத்துல எழுந்து நின்னவன் உச்சி வரைக்கும் உட்காரவே இல்ல. என்ன நெஞ்சுரம் பாருங்க.' அப்பா தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார். கடையில் இருந்த எல்லாருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தார். யாரோ என்னைத் தூக்கிச் சுற்றினார்கள். நானும் சிரித்தேன், எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

அடுத்த நாள் சமதளத்தில் ஓட்டம். உன் பெயரே வரவில்லை. ஏதாவது வானொலிக் கோளாறாக இருக்கும் என்று அப்பா சொன்னார். நான் வீட்டுக்கு வந்து சாக்கு தைக்க உட்கார்ந்தேன். உட்கார்ந்த உடனே எனக்கு அது புரிந்துவிட்டது. உட்காரவே இல்லையாம். ஏன் உட்காரவில்லை?

உன் கடிதங்களை எடுத்து மேசையில் பரப்பினேன். ஜனவரியில் கட்டிலில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய், வரிகள் நேராக இருக்கின்றன. பிப்ரவரியில் ஜன்னல் விளிம்பு, நின்றபடி எழுதியிருக்கிறாய், எல்லா வரியும் வலப்பக்கம் கீழே சரிகிறது. ஏப்ரல் ஆறாம் தேதிக் கடிதம் மறுபடியும் நேர். நான் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினாயே, அது மறுபடியும் சரிவு. ஆட்டுத்தோலை இரண்டாக வெட்டி நடுவில் இணைத்தவள் நான். அது எங்கே படும் என்று ஒரு நிமிஷம் யோசிக்காதவளும் நான்தான்.

இன்யாக்கி யார் எலியேசர்?

பாதிரியாரிடம் அன்றைக்கே ஓடினேன். வேண்டியது நான் என்பதால் என் தலையிலேயே அதை இறக்கிக்கொள்ளலாம், நீ செய்ய வேண்டியதற்குப் பதில் சிக்கின்கிரா மாதா கோயிலுக்கு நான் நடந்து போய்விட்டு வந்தால் போதும் என்றார். அப்படியானால் மார்ச்சிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். 'நீ காரணம் சொல்லலியேம்மா' என்றார். நீ எனக்குச் சொல்லவில்லை, நான் அவருக்குச் சொல்லவில்லை.

இது கையில் கிடைத்த நிமிஷமே அதைக் கழற்றி எறி. அடுப்பில் போடு, கடலில் போடு. பாவம் முழுக்க என்னுடையது. ஒரே ஒரு வரி எழுது, புண் எப்படி இருக்கிறது என்று மட்டும்.

அக்கா

சியாச்சோக்கே
1986 ஜூன் 22

எலியேசர்,

நலமா? என் விரைவுத் தபால் கிடைத்ததா? தபால்காரர் தெருவில் திரும்புவதற்குள் நான் வாசலில் நிற்கிறேன், அவருக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. பட்டியல் செய்தித்தாளில் வந்திருக்கிறது என்று ரெபேக்கா கொண்டுவந்தாள். அதில் இன்யாக்கி என்று ஒரு பெயர் இருக்கிறது. உன் பெயர் அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திட்டியாவது எழுது.

ஒத்திலியா

எலோர்சா, நகராட்சி மருத்துவமனை
1986 ஜூலை 30

அக்கா,

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன. அணி வீட்டில் கிடந்தவற்றை அன்செல்மோ கொண்டுவந்து கொடுத்தார். விரைவுத் தபால் வந்தபோது என்னை இரண்டாம் தடவை அறுத்து முடித்திருந்தார்கள். இதை நான் சொல்லச் சொல்லப் பக்கத்துக் கட்டில்காரர் எழுதுகிறார். அதனால்தான் வரிகள் நேராக இருக்கின்றன, தேறிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். குப்புறப் படுத்துக்கொண்டு எழுத வரவில்லை.

இன்யாக்கிக்கு ஒரு புண்ணும் வந்ததில்லை. நாய் துரத்தியதும் என்னைத்தான், மேசையில் உட்கார்ந்து சூப் குடித்ததும் நான்தான்.

உங்கள் ஏப்ரல் கடிதம் வந்த அன்று பெட்டியில் இருந்து உங்கள் கால்சட்டையை எடுத்தேன். அன்செல்மோ கையைப் பிடித்தார். வேண்டுதல் என்றேன். 'மாதா சைக்கிள் ஓட்டினதில்ல தம்பி. ஓட்டியிருந்தா இத அவளே கிழிச்சுப் போட்டிருப்பா' என்றார். அப்பா குழாயோடு படுத்திருக்கிறார் என்று சொன்னேன். கையை விட்டுவிட்டார். தினமும் சாயங்காலம் துடைத்துக் கட்டுப்போட்டுவிட்டார்.

மூன்றாம் நாளே பழைய இடம் திறந்துகொண்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டினேன், முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. பிறகு காய்ச்சல். போட்டியில் மலை வந்ததும் எனக்குச் சந்தோஷம், நின்று மிதிக்கலாம் என்று. வானொலிக்காரர் சொன்ன நெஞ்சுரம் அதுதான். வலியிடம் இருந்து தப்பி ஓடினேன், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் சமதளம். சமதளத்தில் எவ்வளவு தூரம் நின்று மிதிக்க முடியும்? எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே ஏதோ பிளந்தது. பிறகு அணி வண்டியின் பின்சீட்டில் குப்புறக் கிடந்தது மட்டும் நினைவிருக்கிறது.

புண் புரையோடிவிட்டது. உள்ளே ஆழமாகப் போய்விட்டதாம். அறுத்த இடம் மூடுகிறது, மறுபடியும் ஒழுகுகிறது. நடக்கலாம், நிற்கலாம். சைக்கிள் சீட்டில் இந்த ஜென்மத்தில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாதாரண நாற்காலிக்கே இன்னும் நாளாகும் என்கிறார், எவ்வளவு நாள் என்று சொல்லமாட்டேன் என்கிறார்.

தோன் ஃபெர்மின் ஒரு தடவை வந்தார். கட்டில் பக்கத்தில் வரவில்லை, வாசலில் நின்றபடியே பேசினார். 'மலை ஏறத் தெரிஞ்சவன் உங்க நாட்டுல ஆயிரம் பேர் இருக்கான்பா. எனக்கு உட்காரத் தெரிஞ்சவன் வேணும்.' தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அப்பா சொன்னதுபோலத்தான், சேணத்தை மாற்றவில்லை, கழுதையை மாற்றிவிட்டார்.

பிரான்ஸ் போட்டியை வார்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. இன்யாக்கி நன்றாக ஓட்டினான்.

தையலால் வந்ததில்லை அக்கா. சீட்டின் கோணம் சரியில்லை, மழை வேறு. டாக்டரும் அதைத்தான் சொன்னார். இதை நம்புங்கள்.

கால்சட்டையைத் தனியாகப் பொட்டலத்தில் அனுப்புகிறேன். எறியச் சொன்னீர்கள், மந்திரித்த பொருளை எறிய எனக்குக் கை வரவில்லை. துவைத்துத்தான் அனுப்புகிறேன்.

ஊருக்கு வரவில்லை. அப்பா தொப்பி எறிந்த தெருவில் எப்படி நடப்பேன்? அன்செல்மோவின் மைத்துனர் மீன் டப்பா ஆலையில் இருக்கிறார். மீனைச் சுத்தம் செய்யும் வேலை. நாளெல்லாம் நின்றுகொண்டே செய்வது.

அப்பாவிடம் எனக்கு முழங்கால் வலி என்று சொல்லிவிடுங்கள்.

எலியேசர்

சியாச்சோக்கே
1986 அக்டோபர் 5

என் தம்பி எலியேசருக்கு,

நீ நலமில்லை என்று தெரிந்தும் நலமா என்று எழுதத்தான் கை போகிறது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

பொட்டலம் வந்தது. பிரிக்காமலேயே ருவானாப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு சிக்கின்கிராவுக்கு நடந்தேன். கால் கொப்பளித்தது. கொப்பளிக்கட்டும் என்று இன்னும் வேகமாக நடந்தேன். கோயிலில் காணிக்கைச் சுவரைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, சட்டைகளும் கோப்பைகளும் ஊன்றுகோல்களும் தொங்குமே, அங்கே போய் நின்றேன். கோயில்பிள்ளை சீட்டும் பேனாவுமாக வந்தார். 'என்ன வரம் கெடச்சுதும்மா? எழுதி மாட்டணும்' என்றார். வாயைத் திறந்தேன். அப்பாவின் நெஞ்சு என்று சொல்லலாம்தான். அது தெளிப்பானைக் கீழே வைத்ததில் வந்தது. வேறு என்ன சொல்வது? பின்னால் வரிசை நின்றது. ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். மாதாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாளா, தெரியாது.

வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். நன்றாகத்தான் துவைத்திருக்கிறாய். வெளிப்பக்கம் கறையே இல்லை. உள்ளே திருப்பினேன். தோலில் ஊறிய கறை துவைத்துப் போகாது தம்பி, ஆடு உரிக்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? என் தையல் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே ஆரம்பித்து, தையல் போன வழியே போயிருக்கிறது. சீட்டின் கோணமாம், மழையாம். உன் பொய்யை நம்ப முயன்றேன். கறை நேராக இருக்கிறது எலியேசர், கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறது.

தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். பிரியவில்லை. நல்ல தையல்தான். நகம் பெயர்ந்தது, கடைசியில் இறைச்சி அறுக்கும் கத்தியால் அறுத்தேன். இரண்டு துண்டும் தனித்தனியாக என் மடியில் கிடந்தன.

அப்பாவிடம் முழங்கால் என்று சொல்ல வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் அப்போது சாப்பிட உட்கார்ந்திருந்தார். 'அப்ப அன்னிக்கு ரேடியோவுல...' என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. பிறகு எழுந்து நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கிண்ணத்தைக் கையில் எடுத்து நின்றபடியே சூப்பைக் குடித்து முடித்தார். மறுநாளும் உட்காரவில்லை. ரெபேக்கா கடையில் உன் வீரக் கதை சொல்வதையும் நிறுத்திவிட்டார். யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் பையன் வேலைக்குப் போகிறான் என்கிறார்.

நானும் சாக்கை ஆணியில் மாட்டி நின்றுகொண்டே தைக்கப் பழகிவிட்டேன். இடுப்பு வலிக்கிறது. மூன்று நாற்காலியையும் ஆட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டோம். மேசை மட்டும் இருக்கிறது, மூன்று பேரும் நின்று சாப்பிடுகிற உயரத்துக்கு அப்பா அதற்குக் கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறார். வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் இந்த வீட்டில் உன்னை யாரும் உட்காரச் சொல்லமாட்டார்கள்.

ஆலையில் தரை ஈரமாக இருக்கும், காலுக்கு ஏதாவது போட்டுக்கொள்.

ஒத்திலியா